ஐந்து சொட்டு எண்ணெய்

கஞ்சாவைப் பற்றி எனக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பதினேழு வயதிலிருந்து புகைத்தவன் நான். பர்மாவில், பசுந்தாங்கில் ஒரு பேட்டரி பட்டறையில் வேலை. மத்தியானம் கரண்ட் போனால் சார்ஜர்கள் எல்லாம் நின்றுவிடும். நாங்கள் நாலு பேர் ஓடைப் பக்கம் போய் உட்காருவோம். ஒரே சுருள் நாலு கை மாறும். இழுத்து நெஞ்சில் நிறுத்தினால், புகை வெளியே போய் முடிவதற்குள் தலைக்கு ஏறிவிடும். பர்மா மொழியில் அதை 'காய்ந்த மருந்து' என்றுதான் சொல்வார்கள். மருந்துதானே சாப்பிடுகிறோம் என்று சொல்லிச் சிரிப்போம். ஏறினால் தெரியும். பசிக்கும். தூக்கம் வரும். எழுந்து முகம் கழுவிக்கொண்டு வேலைக்குப் போய்விடுவோம். இதில் தெரிந்துகொள்ள வேறு என்ன இருக்கிறது?

அந்த நினைப்பில்தான் என் அக்காவின் ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் கெடுத்தேன். அவளுக்கு இருந்தது அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைதான்.

அக்கா என்னைவிட ஏழு வயது மூத்தவள். அப்பா அம்மா போன பிறகு என்னை வளர்த்தவள். நான் நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டேன். கோவிலில் ஞாயிற்றுக்கிழமை நடத்தும் தமிழ் வகுப்புக்கு மட்டும் அவள் என்னைக் காதைப் பிடித்து இழுத்துப் போவாள். அதனால் தமிழ் எழுதுவேன். பர்மா எழுத்து அச்சில் இருந்தால் மெதுவாகப் படிப்பேன். கையெழுத்து என்றால் தடுமாறுவேன். வீட்டுக்கு என்ன காகிதம் வந்தாலும் அவள்தான் படித்துச் சொல்வாள். கல்யாணமாகி ஆற்றுக்கு அந்தப் பக்கம் தன்லியினுக்குப் போன பிறகுகூட நான் காகிதத்தைப் போட்டோ எடுத்து அனுப்புவேன், அவள் குரலில் பதில் வரும். "ஒண்ணுமில்லடா, பயப்படாத, தண்ணி வராதுன்னு போட்டிருக்கான்" என்பாள்.

மச்சானும் அவளும் தன்லியினில் ஒரே ஆலையில் வேலை செய்தவர்கள். பட்டாளத்துக்குக் கட்டாயமாக ஆள் எடுக்க ஆரம்பித்ததும் மச்சான் தாய்லாந்துக்குப் போனார். விடியற்காலையில், அக்கா தூங்கும்போதே கிளம்பிவிட்டார். போகிறேன் என்று சொல்லவில்லை. அங்கே மீன்பிடிப் படகில் வேலை. திங்கட்கிழமை கடலுக்குள் போனால் சனிக்கிழமைதான் கரைக்கு வருவார். நடுவில் சிக்னல் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்குப் போன் வரும். வாரத்துக்கு ஒரு முறை, அவ்வளவுதான்.

அவர் போய் ஒரு வருஷம் ஆவதற்குள் அக்காவுக்கு வயிற்றில் புற்றுநோய் என்றார்கள். இனி செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொன்னதும், அவளைப் பசுந்தாங்கில் என் வீட்டுக்குக் கூட்டி வந்தேன். நாலாவது மாடி. கடைசி மாடிப் படிகளில் முதுகில் சுமந்துகொண்டு ஏறினேன். "என்னடா, இப்படி மூச்சு வாங்குற? புகை போட்டுப் போட்டு நுரையீரல் பழைய பேட்டரி மாதிரி ஆயிடுச்சா?" என்று காதுக்குள் கேட்டாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அவள் எடையே இல்லாமல் இருந்தாள்.

டாக்டர் அம்மா கொடுத்த வலி மாத்திரையைப் போட்டால் நாள் முழுக்கத் தூங்குவாள். போடாவிட்டால் வலியில் சுருண்டு கிடப்பாள். இரண்டிலும் சாப்பாடு இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மச்சான் போனில் சொன்னார், "மாப்ள, இங்க கஞ்சா எண்ணெய் கடையிலயே விக்கிறாங்க. இந்த மாதிரி நோய்க்காரங்க எடுத்துக்கறாங்களாம். வலி கொஞ்சம் அடங்குமாம், பசி எடுக்குமாம். ஊருக்கு வர்ற ஒருத்தர்கிட்ட குடுத்து விடுறேன். நான் எழுதி அனுப்பறபடி குடு."

"மச்சான், எனக்கே கஞ்சா பாடமா?" என்றேன்.

"பாடமில்ல மாப்ள. எழுதினபடி குடு."

எங்கள் ஊரில் அது குற்றம். பிடித்தால் வருஷக்கணக்கில் உள்ளே போட்டுவிடுவார்கள். எனக்குப் பயம்தான். ஆனால் அக்காவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் கீழே தெருவிலிருந்து ஒருவர் எங்கள் கயிற்றை ஆட்டி மணியை அடித்தார். இங்கே எல்லா மாடியிலிருந்தும் கயிறு தொங்கும், மேல் முனையில் மணியும் கீழ் நுனியில் கிளிப்பும் இருக்கும். பேப்பரோ காய்கறியோ அதில்தான் மேலே வரும். கட்டிலை நான் பால்கனிக் கதவோரம்தான் போட்டிருந்தேன். அக்கா எழுந்து உட்கார்ந்து, "நான் இழுக்கறேன், எனக்கு வந்தது" என்று கயிற்றைப் பிடித்தாள். பாதி தூரத்தில் கை ஓய்ந்தது. மூன்றாம் மாடியில் இருக்கும் ஆன்ட்டி, சர்ச்சுக்குப் போகும் தமிழ்க்காரர், ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

"என்ன பொண்ணே, எனக்குப் பங்கு இல்லாம என்ன மேல போவுது?"

"தலைக்குத் தேய்க்கிற எண்ணெய் ஆன்ட்டி. உங்க வீட்டுக்காரருக்கு வேணுமா?"

"அந்த மனுசனுக்குத் தலைன்னு ஒண்ணு இருக்கு. தேய்க்கறதுக்கு அதுமேல என்ன இருக்கு?"

அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மீதியை நான் இழுத்தேன். பைக்குள் விரல் நீளத்துக்கு ஒரு கறுப்பு பாட்டில், மூடியிலேயே சொட்டு விடும் குழாய். மேலே தாய் எழுத்து. எங்கள் இரண்டு பேருக்கும் அது புரியாது. பாட்டிலைச் சுற்றி ஒரு காகிதம். மச்சானுக்குத் தமிழ் பேச வரும், எழுத வராது. பர்மா எழுத்தில் பொடிப்பொடியாக, ஒன்றின் மேல் ஒன்று ஏற எழுதியிருந்தார். படகில் உட்கார்ந்து எழுதியிருப்பார் போல.

முதல் வரியைப் படித்தேன். ஒரு சொட்டு, சாப்பாட்டுக்குப் பிறகு. இரண்டாம் வரியின் நடுவிலேயே எழுத்தெல்லாம் ஒன்றாகிவிட்டது.

"குடுடா, நான் படிக்கறேன்" என்று கையை நீட்டினாள்.

கொடுத்திருக்கலாம். மாத்திரை மயக்கத்தில் அவளுக்கும் எழுத்து ஆடும், ஆனாலும் எப்படியோ படித்திருப்பாள். எனக்கு வெட்கமாக இருந்தது. இருபத்து மூன்று வயதாகிறது, அவள் கட்டிலில் கிடக்கிறாள், இன்னும் அவள்தான் எனக்குப் படித்துச் சொல்ல வேண்டுமா? "நானே படிச்சிட்டேன். சாப்பிட்டுட்டு ஒரு சொட்டு. அவ்ளோதான்" என்றேன்.

"இம்மாம் எழுதியிருக்காரு, அவ்ளோதானா?"

"மிச்சமெல்லாம் உன்னைக் கொஞ்சி எழுதினது. நான் எப்படி வாய்விட்டுப் படிக்கிறது? ஞாயித்துக்கிழமை நேராவே கேட்டுக்கோ."

"சீ, போடா" என்றாள். ஆனால் அவள் முகம் சிவந்தது. நான் காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். ஒரு பொய்யைத் தமாஷாகச் சொன்னால் அது எவ்வளவு சுலபமாக நின்றுவிடுகிறது.

புதன்கிழமையிலிருந்து தினமும் காலை எட்டு மணிக்கு, இரண்டு வாய் கஞ்சி குடித்த பிறகு, ஒரு கரண்டி சர்க்கரையில் ஒரு சொட்டு. கசக்கிறது என்று முகத்தைச் சுளித்துவிட்டு விழுங்குவாள். நான் பட்டறைக்கு ஓடிவிடுவேன். மத்தியானம் சாப்பாட்டுக்கு வந்தால் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருப்பாள், கன்னத்தில் தனகா மரச் சாந்து பூசிக்கொண்டு. வெள்ளிக்கிழமை, சோறும் மீன் குழம்பும் வேண்டும் என்று கேட்டாள். எத்தனையோ வாரத்துக்குப் பிறகு அவள் வாயால் ஒன்று வேண்டும் என்று கேட்டாள்.

"வலி போயிடுச்சாக்கா?"

"போகல. இருக்குது. ஆனா பக்கத்து வீட்டு ரேடியோ மாதிரி இருக்குது. நம்ம வீட்ல இல்ல."

அந்த எண்ணெய் பொய் இல்லை. ஒரு சொட்டில் அவளுக்கு நாலு நல்ல நாள் கிடைத்தது. இதை நான் சொல்லாமல் விட்டால் அதுவும் தப்பாகிவிடும். கெட்டது எண்ணெயால் வரவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் அவள் நகத்தை வெட்டிக்கொண்டிருந்தேன். மறுநாள் மச்சானிடம் என்ன பேசப் போகிறாள் என்று என்னிடம் ஒப்பித்துப் பார்த்தாள். இது கடைசிப் பேச்சாகக்கூட இருக்கலாம், அதனால் அழாமல் பேசி முடிக்க வேண்டும் என்றாள்.

"அவரு மனசுல, நான் கோவமா இருக்கேன்னு ஒண்ணு கிடக்குது. சொல்லாம போயிட்டாருல்ல. வாராவாரம் பேசறாரு, அதைப் பத்தி மட்டும் வாயே திறக்க மாட்டேங்கறாரு. நானும் விட்டுட்டேன். நாளைக்கு சொல்லிடணும். நான் அன்னைக்குத் தூங்கலடா. கண்ண மூடிட்டுக் கிடந்தேன். எந்திரிச்சா அழுதுடுவேன், அழுதா அவரு போக மாட்டாரு, போகலைன்னா பிடிச்சிட்டுப் போயிடுவாங்க. சத்தம் கேக்கக் கூடாதுன்னு செருப்பைக் கையில எடுத்துட்டுப் போனாரு. அரைக் கண்ணுல பாத்துட்டேதான் கிடந்தேன். இதை அவருக்கு சொல்லணும். அப்புறம், நான் போயிட்டாலும் இங்க வராதீங்கன்னு சொல்லணும். அவ்ளோதான். ரெண்டே விசயம்."

"எனக்கு ஒண்ணும் சொல்ல மாட்டியா?"

"உனக்கா? விரலோட சேத்து வெட்டாதன்னு சொல்றேன்."

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே வலி கூடிவிட்டது. கஞ்சி குடிக்கவில்லை. பத்தரை மணிக்குக் கீழே போய், தேங்காய்ப்பால் ஊற்றிய காவ்சுவே நூடுல்ஸ் வாங்கி வந்தேன். கொஞ்சம் குடித்தாள். பதினொன்றரைக்கு, மிச்சமிருந்த தேங்காய்ப்பாலிலேயே ஒரு சொட்டு கலந்து கொடுத்தேன். இரண்டு மணிக்குள் வலி அடங்கினால் உட்கார்ந்து பேசுவாள் என்று கணக்குப் போட்டேன்.

மற்ற நாட்களில் கொடுத்துவிட்டு ஓடியவன் நான். அது எத்தனை மணிக்கு வேலை செய்ய ஆரம்பித்தது என்று ஒரு நாளும் கூட இருந்து பார்த்ததில்லை. அன்றைக்குத்தான் முதல் முறையாகப் பக்கத்தில் உட்கார்ந்து அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இருபது நிமிஷம், அரை மணி, ஒன்றுமில்லை. எனக்குத் தெரிந்த கஞ்சா ஐந்து நிமிஷத்தில் ஏறும் கஞ்சா. அரை மணியில் ஏறவில்லை என்றால் போதவில்லை என்றுதான் என் புத்திக்குப் பட்டது. பன்னிரண்டு மணிக்கு இன்னும் இரண்டு சொட்டு கொடுத்தேன். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். வலி மாத்திரையும் ஒன்று கொடுத்தேன். பன்னிரண்டரைக்கு மறுபடி இரண்டு.

"இன்னுமாடா?" என்றாள்.

"எழுதியிருக்குக்கா" என்றேன்.

பட்டறையில் நான் தினமும் சொல்வது ஒன்று உண்டு. சார்ஜ் போட்ட பேட்டரியைக் கழற்றிய உடனே மீட்டர் வைக்காதீர்கள், பொய் காட்டும், ஒரு மணி நேரம் அப்படியே விட்டுவிட்டுப் பாருங்கள். அவசரப்பட்டு வருகிறவர்களைத் திட்டிக்கூட அனுப்பியிருக்கிறேன். அன்றைக்கு அது எனக்கு ஞாபகத்துக்கே வரவில்லை.

ஒரு மணிக்கு வலி இறங்கியது. அக்கா பெருமூச்சு விட்டாள். எனக்குச் சந்தோஷம். போனைச் சார்ஜில் போட்டு, அவளுக்குத் தலை சீவிவிட்டேன். ஒன்றே காலுக்குச் சீப்பைப் பார்த்துச் சிரித்தாள். ஒன்றரைக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. கட்டிலின் ஓரத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

"கட்டில் இறங்குதுடா. கீழ போவுது. பிடி."

"ஒண்ணுமில்லக்கா."

"நெஞ்சு அடிக்கறது வெளிய கேக்குது. உனக்குக் கேக்குதா? யாரு அங்க நிக்கறது?"

யாருமில்லை. கதவில் என் மழைக் கோட்டு தொங்கிக்கொண்டிருந்தது. அவள் கை சில்லென்று வேர்த்திருந்தது. நான் ஓடிப்போய் மூன்றாம் மாடி ஆன்ட்டியைக் கூப்பிட்டேன். அவர் வந்து அக்காவின் பின்னால் உட்கார்ந்து தாங்கிக்கொண்டார். "என்னடா குடுத்த?" என்று என்னைக் கேட்டார். நான் சொல்லவில்லை.

சரியாக இரண்டு மணிக்குப் போன் அடித்தது.

எடுக்காமல் விட்டிருக்கலாம். ஆனால் அவர் முகத்தைப் பார்த்தால் பயம் தெளியும் என்று நினைத்தேன். திரையில் மச்சான், வெயிலில் கறுத்து, தாடியோடு. புதுச் சட்டை போட்டிருந்தார். "ஏம்மா..." என்றார். அக்கா அவரையே பார்த்தாள். அந்தப் பார்வையில் அடையாளமே இல்லை. பிறகு என் சட்டையைப் பிடித்துக்கொண்டு கத்த ஆரம்பித்தாள்.

"யாருடா இந்த ஆளு? போகச் சொல்லு! எனக்கு வேணாம், போகச் சொல்லு!"

"நான்தாம்மா" என்றார் மச்சான்.

"போகச் சொல்லுடா!"

நான் போனைத் திருப்பிப் பிடித்தேன். "மச்சான், அவளுக்கு இன்னைக்கு உடம்பு சரியில்ல" என்றேன். அவர் தரையைப் பார்த்தார். "சரி மாப்ள, அவளைப் பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். திரும்பக் கூப்பிட்டேன். போன் அணைந்திருந்தது. மறுநாள் விடியற்காலை அவர் கடலுக்குப் போய்விட்டார்.

ஆன்ட்டி அக்காவின் முதுகைத் தடவிக்கொண்டே, "போயிடும் பொண்ணே, இது போயிடும், நான் இங்கதான் இருக்கேன்" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார். நாலு மணிவாக்கில் அக்கா தூங்கினாள். எழுப்பினாலும் கண் திறக்காத தூக்கம். மூச்சு விடுகிறாளா என்று மூக்கின் கீழே விரல் வைத்து வைத்துப் பார்த்தேன். வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. காகிதத்தை எடுத்துப் பால்கனியில் உட்கார்ந்து, விரலை வைத்து, ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்தேன். முதல் வரிக்குக் கீழே இன்னும் நாலு வரிகள்தான்.

இரண்டு மணி நேரம் பொறு, ஒன்றும் தெரியாவிட்டாலும் அன்றைக்கு இன்னொரு சொட்டு வேண்டாம். தூக்கம் வரவைக்கும் மாத்திரையோடு சேர்க்காதே, முதலில் டாக்டரிடம் சொல். பயந்தால் கூட உட்கார்ந்து, இது போய்விடும் என்று சொல். ஞாயிற்றுக்கிழமை நான் பேசி முடிக்கும் வரை கொடுக்காதே, அவள் தெளிவாக இருக்கட்டும்.

படித்து முடிக்க அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

மறுநாள் மத்தியானம்தான் அக்கா முழுசாகத் தெளிந்தாள். அவளுக்கு எதுவும் ஞாபகம் இல்லை. கண்ணைத் திறந்ததும் கேட்டது இதுதான்: "மணி ரெண்டாச்சா? அவரு பேசினாரா?"

"லைன் கிடைக்கலக்கா" என்றேன்.

"பாவம், தேடியிருப்பாரு. அடுத்த ஞாயிறு பேசிக்கலாம்."

ஆன்ட்டியை அவளுக்குத் துணை வைத்துவிட்டு, பஸ் பிடித்துத் தின்கன்ஜூனுக்குப் போனேன். டாக்டர் அம்மாவின் கிளினிக் அங்கேதான். கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். போலீஸுக்குச் சொல்வார் என்று பயந்தேன். அவர் அதைப் பற்றிப் பேசவே இல்லை. "ஏன் மொதல்லயே என்கிட்ட சொல்லல?" என்று மட்டும் கேட்டார். பிறகு ஒரு குழந்தைக்குச் சொல்வதுபோல் சொன்னார். புகை நுரையீரல் வழியாக நேராக ரத்தத்துக்குப் போய்விடும், அதனால் உடனே தெரியும். விழுங்கினால் வயிறு, ஈரல் என்று சுற்றித்தான் வரும். ஒரு மணியும் ஆகும், இரண்டு மணியும் ஆகும், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். வந்த பிறகு சீக்கிரம் போகாது, பாதி நாள் இருக்கும். மெலிந்த உடம்பு, கூட மாத்திரை வேறு. மூச்சே நின்றிருக்கலாம், அப்படித் தூங்கினால் பார்த்துக்கொண்டு உட்காராதே, தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடு என்றார். அவள் ஒரு சொட்டில் நன்றாக இருந்தாள் என்றால் ஒரு சொட்டுதான் அவள் அளவு. அதைக் கொடுத்த நேரத்தையும் அவள் எப்படி இருந்தாள் என்பதையும் எழுதி வைத்திருக்க வேண்டும். வலி கூடின அன்றைக்கு நானாக அளவைக் கூட்டாமல் அவரைக் கேட்டிருக்க வேண்டும்.

"நீ கெட்ட எண்ணத்தோட செய்யலைன்னு தெரியுது. ஆனா தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி செஞ்சிருக்க" என்றார். அவர் பர்மியப் பெண். அவர் சொன்னதைத் தமிழில் எழுதும்போது திட்டு மாதிரி வருகிறது. அவர் திட்டவில்லை.

அக்கா அந்த வெள்ளிக்கிழமை காலையில் போனாள். எண்ணெயால் இல்லை, நோயால்தான் என்று டாக்டர் அம்மா சொன்னார். நான் நம்புகிறேன். ஆனால் அவள் ஒப்பித்து வைத்திருந்த இரண்டு விஷயமும் அவளோடு போய்விட்டது, அதற்கு நான்தான் காரணம். சனிக்கிழமை மச்சான் கரைக்கு வந்து போனைப் போட்டபோது எல்லாம் முடிந்திருந்தது. சொன்னேன். அவர் அழவில்லை. "சரி மாப்ள" என்றார், அந்த ஞாயிற்றுக்கிழமை சொன்ன மாதிரியே.

காரியம் முடிந்த பிறகு ஓடைப் பக்கம் கூட்டாளிகள் சுருளை நீட்டினார்கள். வாங்கி இழுத்தேன். துக்கம் குறையும் என்று நினைத்தேன். அக்கா என் சட்டையைப் பிடித்துக்கொண்டு கத்தியதுதான் திரும்பத் திரும்ப வந்தது. நெஞ்சு அடிப்பது எனக்கும் வெளியே கேட்டது. அவளுக்கு எப்படி இருந்திருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அதற்குப் பிறகு நான் தொடவில்லை.

மச்சான் ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணிக்குக் கூப்பிடுவதை நிறுத்தவில்லை. சாப்பிட்டியா, கரண்ட் இருக்கா என்று கேட்பார், வைத்துவிடுவார். நாலாவது ஞாயிறு, வைக்கப் போனவர் வைக்கவில்லை.

"மாப்ள, ஒண்ணு கேக்கறேன். மறைக்காம சொல்லு. அவ கடைசி வரைக்கும் என்மேல கோவமாத்தான் இருந்தாளா?"

"இல்ல மச்சான்."

"போகச் சொல்லுன்னு சொன்னாளே. ஆறு நாளும் கடல்ல அதுதான் கேக்குது எனக்கு. வலை இழுக்கும்போதும் அதான் கேக்குது."

நான் இத்தனை நாளும் என்னைக் காப்பாற்றிக்கொள்ளப் பேசாமல் இருந்தேன். அவர் அங்கே அதைச் சுமந்துகொண்டு வலை இழுத்திருக்கிறார்.

"அது அவ சொன்னதில்ல மச்சான். நான் எண்ணெயை அதிகமா குடுத்துட்டேன். அவளுக்கு உங்களைத் தெரியவே இல்ல."

"எத்தன சொட்டு?"

"அஞ்சு."

"நான் எழுதினேனேடா."

"எழுதினீங்க."

"படிக்கலையா?"

"மொத வரி மட்டும் படிச்சேன்."

"பாக்கியை எப்போ படிச்ச?"

"நீங்க போனை வெச்ச பிறகு."

அவர் பர்மா மொழியில் என்னைத் திட்டினார். அக்கா கல்யாணத்துக்குப் பிறகு அவர் என்னை அப்படித் திட்டியதே இல்லை. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டேன். மூச்சு வாங்கும் வரை திட்டினார். வைத்துவிடுவார் என்று நினைத்து அவசரமாகச் சொன்னேன்.

"அவ உங்ககிட்ட சொல்ல ரெண்டு விசயம் வெச்சிருந்தா. சனிக்கிழமை என்கிட்ட சொல்லிப் பாத்தா. சொல்லவா?"

அவர் போனை வைக்கவில்லை. சொன்னேன்.

"அவ போயிட்டாலும் நீங்க இங்க வரக் கூடாதுன்னு சொன்னா. அது ஒண்ணு. இன்னொண்ணு, நீங்க கிளம்பின அன்னைக்கு அவ தூங்கலையாம். எந்திரிச்சா நீங்க போக மாட்டீங்கன்னு கண்ண மூடிட்டுக் கிடந்திருக்கா. சத்தம் கேக்கக் கூடாதுன்னு நீங்க செருப்பைக் கையில எடுத்துட்டுப் போனீங்களாம். பாத்துட்டேதான் கிடந்தாளாம்."

லைன் போய்விட்டதோ என்று திரையைப் பார்த்தேன். நிமிஷம் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

"செருப்பு விசயம் நான் யாருக்கும் சொன்னதில்ல" என்றார் மச்சான். "கீழ தெருவுக்கு வந்துதான் போட்டேன். ஒத்தைக் கால்ல நின்னு போட்டேன்."

பிறகு அழுதார். அக்கா போனதிலிருந்து அவர் அழுது நான் கேட்டது அன்றைக்குத்தான். என்னை மன்னித்தாரா என்று நான் கேட்கவில்லை. கேட்கும் உரிமை எனக்கு இல்லை.

பாட்டில் இன்னும் அலமாரியில் இருக்கிறது. ஒன்பது சொட்டுதான் போயிருக்கிறது. பார்த்தால் புதுசு மாதிரியே இருக்கும்.